போலீஸ் குடும்பங்களுக்கு என்று கொடுத்த 420 டாலர்

மார்ச் மாதம் என்னிடம் வருகிறவர்கள் கையில் அநேகமாக ஒரு கவர் இருக்கும். வரிக்கழிவு கேட்பதற்கான ரசீதுகள்: கோயில் நன்கொடை, தமிழ்ப் பள்ளி, ஊரில் வெள்ளம் வந்தபோது அனுப்பியது. நியூ ஜெர்சியில் எனக்குப் பதினைந்து வருடமாக வரிக்கணக்கு போடும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஓர் அண்ணன், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ரொம்ப நாளானவர், ஒரே அமைப்பின் பெயரில் பன்னிரண்டு சீட்டுகளை எடுத்து வைத்தார். மாதம் 35 டாலர்.

"டியூட்டியில இறந்துபோன போலீஸ்காரங்க குடும்பத்துக்கு, தம்பி. போன்ல கேட்டாங்க. நல்லாத்தான் பேசினாங்க."

சீட்டின் அடியில் எறும்பு போன்ற எழுத்தில் இரண்டு வரிகள். வரிக்கழிவு கிடையாது என்று ஒன்று. எந்த வேட்பாளரின் அனுமதியும் பெற்றதல்ல என்று இன்னொன்று. இரண்டாவது வரியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இது தர்ம காரியம் அல்ல. பொலிட்டிகல் ஆக்‌ஷன் கமிட்டி, சுருக்கமாக 'பேக்'. தோளில் மாட்டும் பை இல்லை. பை என்றே வைத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை.

தேர்தலில் தங்களுக்கு வேண்டியவரை ஜெயிக்க வைக்கவோ, வேண்டாதவரைத் தோற்கடிக்கவோ பலரிடம் பணம் திரட்டிச் செலவு செய்யும் குழுதான் பேக். 1943ல் சிஐஓ தொழிற்சங்கம் தொடங்கியதைத்தான் முதல் பேக் என்பார்கள். இன்று தொழிற்சங்கம், கம்பெனி, வியாபாரச் சங்கம் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். சாதாரண பேக்குக்கு ஒரு தனிநபர் வருடத்துக்கு 5,000 டாலர் வரை தரலாம். பல வேட்பாளர்களை ஆதரிக்கும் பேக், ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். நீங்கள் நேரடியாக வேட்பாளருக்குக் கொடுப்பதென்றால் 2025-26க்கு உச்சவரம்பு, தேர்தலுக்கு 3,500 டாலர்.

சூப்பர் பேக் வேறு ரகம். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் தீர்ப்பு சொன்னது. இரண்டு மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பீச்நவ் வழக்கில் கதவைத் திறந்துவிட்டது. வேட்பாளர் கையில் பணம் தராமல் தனியாகச் செலவு செய்யும் குழுவுக்கு வரம்பே கிடையாது என்று ஆனது. 2024ல் எலான் மஸ்க் ட்ரம்புக்காக 25 கோடி டாலருக்கும் மேல் செலவழிக்க முடிந்தது இந்த வழியில்தான். வேட்பாளரோடு கலந்து பேசிச் செய்யக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அது எவ்வளவு கண்டிப்பாக நடக்கிறது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

சரி, அண்ணனின் 420 டாலருக்கு வருவோம். சட்டத்தைப் படித்தால் ஒன்று புரியும். யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதில் அதற்கு அவ்வளவு கறார். உள்ளே வந்த பணம் எதற்குப் போகிறது என்பதில் அந்தக் கறார் இல்லை. வேட்பாளர் தன் பிரசாரப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்று தெளிவான தடை உண்டு. பேக்குகளுக்கு அப்படி இல்லை. அவற்றையும் தடையில் சேருங்கள் என்று கூட்டாட்சித் தேர்தல் ஆணையமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் பல முறை கேட்டுப் பார்த்துவிட்டது. அந்த ஆணையத்தில் ஆறு உறுப்பினர் இடங்கள், ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது, முக்கியமான எதைச் செய்யவும் நான்கு ஓட்டு வேண்டும். ஆறு பேரும் இருக்கும்போது மூன்றுக்கு மூன்று என்று முட்டிக்கொண்டு நின்றுவிடுவது அங்கே வாடிக்கை.

ஆகவே ஒரு பேக், வரும் பணத்தில் பெரும்பகுதியை டெலிமார்க்கெட்டிங் கம்பெனிக்கும் ஆலோசகருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கணக்கில் காட்டினால், அது மட்டுமே குற்றமாகிவிடாது. பொய் சொல்லி வாங்கினால்தான் குற்றம். லாஸ் வேகாஸில் டெலிமார்க்கெட்டிங் நடத்திய ரிச்சர்ட் ஸைட்லின் மாட்டிக்கொண்டது அப்படித்தான். போலீஸ், முன்னாள் ராணுவ வீரர்கள் பெயரைச் சொல்லி பேக்குகளுக்குப் பணம் திரட்டினார். போனை எடுப்பவர்கள் அறக்கட்டளை என்று நம்பும்படி போனில் பேசும் வசனத்தை மாற்றச் சொன்னார். 2023ல் வழக்கு, 2024ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 வருடச் சிறை.

ஏமாற்றுப் பேர்வழிகளை விடுங்கள், யோக்கியமான பேக் எப்படிச் செலவழிக்கிறது என்று பார்ப்போம். 2016 அதிபர் தேர்தலுக்கு ஜெப் புஷ்ஷை ஆதரித்த 'ரைட் டு ரைஸ்' சூப்பர் பேக் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பெரும்பகுதி டிவி விளம்பரத்துக்கே போனது. தெற்கு கரோலினா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்களிப்பு முடிந்த இரவே அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். இதில் வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம்: வாக்களிப்பு நெருங்கும் வாரங்களில் டிவி நிலையங்கள் வேட்பாளருக்கு ஆகக் குறைந்த கட்டணத்தில் நேரம் தர வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே முப்பது வினாடிக்குப் பல மடங்கு கொடுக்கும். விளம்பர நேரத்தை வாங்கித் தரும் ஏஜென்சிக்கோ பெரும்பாலும் செலவில் சதவீதக் கமிஷன். அதிக விலைக்கு வாங்கினால் ஏஜென்சிக்கு என்ன நஷ்டம்?

அரசியல்வாதிகள் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளும் லீடர்ஷிப் பேக் இன்னும் வசதி. கோல்ஃப் ரிசார்ட், ஓட்டல் சாப்பாடு எல்லாம் 'நிதி திரட்டும் செலவு' என்று எழுதப்படும், இரண்டு கட்சியிலும். 2023ல் ட்ரம்ப் தரப்பு பேக்குகள் வக்கீல் செலவுக்கு மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன.

பணம் வாங்குவதிலும் வித்தை உண்டு. 2020ல் ட்ரம்ப் பிரசாரத்தின் ஆன்லைன் படிவத்தில், வாராவாரம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள். பிறகு 12 கோடி டாலர் அளவுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. கார்டு எண்ணை அடிக்கும் முன் கட்டங்களை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே இரண்டு விஷயம். எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் எந்த அமெரிக்கத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். அப்புறம், தன் வரம்பு முடிந்ததும் மனைவி பெயரில், பிள்ளை பெயரில், கடையில் வேலை பார்ப்பவர் பெயரில் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தன் பையிலிருந்து தருவது. மொய் எழுதும் பழக்கத்தில் இது நமக்குத் தப்பாகவே தெரியாது. இங்கே கூட்டாட்சிக் குற்றம். 2014ல் அரசியல் எழுத்தாளர் தினேஷ் டிசோசா 20,000 டாலரை இப்படி வேறு பெயர்களில் கொடுத்துத்தான் தண்டனை வாங்கினார். பிறகு மன்னிப்புக் கிடைத்தது, அது வேறு கதை.

கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் குழுவின் பெயரைத் தேடி, செலவுப் பக்கத்தைத் திறங்கள். வேட்பாளர்களுக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு, நிதி திரட்டலுக்கும் ஆலோசகருக்கும் எவ்வளவு என்று பாருங்கள். ஒரே கம்பெனி பெயர் திரும்பத் திரும்ப வந்தால் போனை வைத்துவிடலாம். இருட்டுப் பணத்தை மட்டும் இப்படிப் பிடிக்க முடியாது. 501(சி)(4) என்று வரிச் சட்டப் பிரிவின் எண்ணால் அழைக்கப்படும் சமூகநல அமைப்பு ஒன்று சூப்பர் பேக்குக்குக் கொடுத்தால், அந்த அமைப்பின் பெயர்தான் கணக்கில் இருக்கும். அதற்குக் கொடுத்தவர் பெயர் இருக்காது.

அன்று அண்ணனோடு உட்கார்ந்து அவருடைய குழுவைத் தேடினேன். பக்கம் பக்கமாக டெலிமார்க்கெட்டிங். குடும்பங்களுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. வங்கிக்குப் போன் போட்டு மாதக் கழிப்பை நிறுத்தினார். படிவத்திலிருந்து 420 டாலரை நான் எடுத்துவிட்டேன்.

"அப்போ நான் கொடுத்ததும் இதுல தெரியுமா?" என்று கேட்டார். ஒரு குழுவுக்கு வருடத்தில் 200 டாலரைத் தாண்டினால் பெயர், ஊர், வேலை, கம்பெனி எல்லாம் வரும் என்றேன். ஜனநாயகக் கட்சித் தரப்பின் ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சித் தரப்பின் வின்ரெட் என்ற ஆன்லைன் நிதித் தளங்கள் வழியாகக் கொடுத்தால் 5 டாலர்கூட வரும். அவருடைய குடும்பப் பெயரையும் ஊரையும் அடித்தோம். அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவர் மனைவியின் பெயர், ஆக்ட்புளூ வழியாகப் பத்துப் பத்து டாலராக ஏழு தடவை.

அண்ணன் வீட்டில் எல்லோரும் குடியரசுக் கட்சி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.