எலாஸ்டோகிராபி: தமிழில் எப்படிச் சொல்வது?

கல்லீரல் நோய் நாள்பட்டால் உள்ளே தழும்பு படியும். அது எவ்வளவு என்று அறிய முன்பெல்லாம் ஊசியால் துளைத்துத் துணுக்கு எடுத்தாக வேண்டும். அந்தத் துணுக்கோ முழு ஈரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான். இன்று பலருக்கு அந்த ஊசி தேவைப்படாமல் செய்திருக்கிறது, ஈரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் எலாஸ்டோகிராபி.

சொல்லின் முன்பாதி கிரேக்கம். உலோகத்தைத் தட்டி நீட்டும் வினையிலிருந்து வந்தது. 'எலாஸ்டிக்' இதன் உடன்பிறப்பு. பின்பாதி 'வரைதல்'. இரண்டையும் சேர்த்து 1991இல் ஜொனாதன் ஓஃபிர் குழுவினர் தம் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள்.

நேராகப் பெயர்த்தால் 'மீள்மை வரைவியல்'. பிழையில்லை, ஆனால் நோயாளிக்கு ஒன்றும் விளங்காது. சோதனையில் நடப்பதைப் பாருங்கள். வலப்பக்க விலா எலும்புகளின் இடுக்கில் கருவியின் முனையை வைத்து, விரலால் சுண்டுவதுபோல ஒரு தட்டு. அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தை மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அளக்கிறது. திசு விறைத்திருந்தால் அலை விரைந்து ஓடும். பத்து முறை தட்டி, நடு மதிப்பை விறைப்பின் அலகான கிலோபாஸ்கலில் தருவார்கள். நலமான ஈரலில் அது 5ஐ ஒட்டி இருக்கும். பரவலாகப் புழங்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவியில் ஈரலின் படம் கிடைப்பதில்லை. கிடைப்பது ஓர் எண். பிறகு 'வரைவியல்' எதற்கு?

'ஃபைப்ரோஸ்கேன்' என்ற வணிகப் பெயரிலும் எனக்கு மனக்குறை உண்டு. 'ஃபைப்ரோசிஸ்' என்றால் தழும்பு படிதல். தழும்பையே கண்ணால் பார்த்துவிட்டது போல அந்தப் பெயர் ஒலிக்கிறது. கருவி அறிவது விறைப்பை மட்டுமே. அழற்சியிலும் விறைப்பு ஏறும், இதயம் தளர்ந்து இரத்தம் தேங்கினாலும் ஏறும், சாப்பிட்டவுடன் பார்த்தாலும் ஏறும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வது அதனால்தான். எண் கூடிவிட்டதே என்று அழுதுகொண்டு வருபவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கப் பெயரே துணை நிற்க வேண்டும். ஆகவே 'ஈரல் விறைப்பு அளவீடு' என்பதே என் தேர்வு. ஆங்கிலத்தின் 'நான்-இன்வேசிவ்' என்பதை 'ஊடுருவாத சோதனை' என்று எழுதுவதையும் 'துளைக்காத சோதனை' என்று மாற்றிவிடலாம்.

கைக்குப் படும் தன்மையை வைத்துப் பெயரிடுவது நமக்குப் புதிதுமல்ல. நுரைபோல் மெத்தென்றிருப்பது நுரையீரல். அதற்கு எதிரே கெட்டியாக இருப்பது கல்லீரல்.