ஒற்றைத் தடம் ஓடும் பாம்பன் எப்படி ஜங்ஷன் ஆனது?

ராமேஸ்வரம் போய்வந்த வாசகர் ஒருவரின் கேள்வி இது: "பாம்பன் நிலையத்துக்கு மண்டபத்திலிருந்து ஒரு தடம் வருகிறது, ராமேஸ்வரத்துக்கு ஒரு தடம் போகிறது. வேறு எந்தப் பக்கமும் கிளை இல்லை. பிறகு ஏன் அதைப் பாம்பன் ஜங்ஷன் என்கிறார்கள்?"

கிளை இருந்தது. அதைக் கடல் கொண்டுபோய்விட்டது, பெயர் மட்டும் கரையில் நிற்கிறது.

1914இல் இந்தப் பாதை முழுமை பெற்றபோது முக்கியத் தடம் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத்தான் போனது. ராமேஸ்வரம் வெறும் கிளை. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடித் துறை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுகரையில் மீண்டும் ரயில். இதற்குத்தான் போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனைத் தாண்டிப் போன 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் மூழ்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஊரும் தடமும் திரும்பவில்லை. கிளையாக இருந்த ராமேஸ்வரம் கடைசி நிலையமாயிற்று.

இந்தத் தடத்தின் மற்றப் பெயர்களும் இப்படிப் பழைய கணக்கு வைத்திருப்பவைதான். சத்திரக்குடி, சேது யாத்திரைக்காரர்கள் தங்கிப்போன சத்திரங்களை நினைவூட்டுகிறது. மண்டபம் கேம்ப்பில் வரும் 'கேம்ப்', இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்துவைத்து நோய் பார்த்து அனுப்பிய முகாம். பின்னாளில் அதே இடம் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு அகதி முகாமானது. தனுஷ்கோடி, வில்லின் நுனி. பாம்பன் என்ற பெயருக்கு மட்டும், தீவுக்கும் கரைக்கும் இடையிலுள்ள கடல் கால்வாய் பாம்பு போல வளைந்து ஓடுவதால் வந்தது என்று ஊரில் ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊர்ப்பெயருக்குப் பொருத்தமான கதை கட்டுவது எப்போதுமே எளிது. அதற்கு மேல் அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

ஜங்ஷன் கதை இத்தோடு முடிந்தது. ஆனால் அந்த ஜங்ஷனுக்கு வண்டி வரவேண்டுமென்றால் ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும், அதே கால்வாயில் கப்பலும் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் வழிவிட்ட விதம்தான் உண்மையில் ருசியானது.

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. நீளம் சுமார் 2,065 மீட்டர். 145 சாதாரணக் கர்டர்கள் (தூணுக்குத் தூண் போட்ட எஃகு உத்திரங்கள்), நடுவே கப்பல் வழிக்கு 225 அடி அகலத்தில், மேலே நிமிர்ந்து வழிவிடும் இரண்டு இறக்கைகள். ஒவ்வோர் இறக்கையும் ஏறக்குறைய 415 டன். அதைத் திறந்தது மோட்டார் அல்ல. ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளித்தான் திறந்தார்கள், நூறாண்டுக்கும் மேலாக. 415 டன்னை மனிதக் கை எப்படி நிமிர்த்தும்?

இங்கே ஏற்றக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் ஒரு முனையில் சால், மறுமுனையில் கட்டிவைத்த கல். கல்லும் நிறைந்த சாலும் சமமாகிவிட்டால் இறைப்பவர் உராய்வை மட்டும் வென்றால் போதும். தூக்குப் பாலத்திலும் இறக்கையின் வால்பக்கம் கனமான எதிர்எடை இருக்கிறது. இதுவரை புதிதாக ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்து நெம்புகோல்தான்.

அமெரிக்காவில் சிகாகோ நகரின் வில்லியம் ஷெர்சர் செய்தது இதற்கு அடுத்த படி, பாம்பனின் பழைய பாலம் அவர் முறைப்படி கட்டியதுதான். துலாவை அச்சாணியில் மாட்டினால் மொத்த எடையும் அந்த ஓர் ஆணியில் உட்கார்ந்து தேய்க்கும். அவர் ஆணியையே எடுத்துவிட்டார். இறக்கையின் அடிப்பகுதியை வண்டிச் சக்கரத்தின் ஒரு துண்டு போல வளைவாகச் செய்து, தட்டையான பாதையின் மேல் உருளவிட்டார். சக்கரம் உருளும்போது அதன் விளிம்பு மேலும் கீழும் போகும், அச்சு மட்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நேர்கோட்டில் நகரும் அல்லவா? இறக்கை, எதிர்எடை இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் சரியாக அந்த அச்சு இருக்கவேண்டிய இடத்தில் விழும்படி எடைகளை அமைத்தார். இறக்கையின் நுனி வானத்துக்குப் போகிறது, வால் கீழே இறங்குகிறது, ஈர்ப்பு மையம் மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பின்பக்கமாகச் சில மீட்டர் நகர்கிறது, அவ்வளவுதான். மையம் உயராவிட்டால் புவியீர்ப்புக்கு எதிராக வேலை இல்லை. சம தரையில் பாரவண்டியைத் தள்ளும் கதைதான்.

கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு: இறக்கை நிமிர்ந்துகொண்டே பின்னுக்கும் உருள்வதால் கப்பல் வழி முழுதாகத் திறக்கிறது. வளைவு வழுக்கிவிடாமல் இருக்கப் பாதையில் பற்கள், வளைவில் அவற்றுக்கேற்ற குழிகள்.

தவறு எங்கே வரும்? ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 10 செ.மீ. விலகினால் 415 × 0.1 = 41.5 டன்-மீட்டர் திருப்புவிசை வந்துவிடும். பத்து மீட்டர் நீளக் கம்பின் நுனியில் ஒரு யானை உட்கார்ந்தது போல. அந்த விலகல் எளிதாக வரக்கூடியது. ஒவ்வொரு முறை வண்ணம் பூசும்போதும் இறக்கை கனக்கிறது, துரு உதிர்ந்தால் இலேசாகிறது, மீட்டர் கேஜை அகல ரயில்பாதையாக மாற்றினால் (இங்கே அது 2007இல் நடந்தது) கணக்கே மாறுகிறது. அதனால் இவ்வகைப் பாலங்களில் எதிர்எடையில் சிறு கட்டிகளைச் சேர்த்தும் எடுத்தும் சமன் திருத்த வேண்டும். இன்னொரு தொல்லை அடித்தளத்தில்: இறக்கை உருளும்போது தொடுபுள்ளியும் நகர்கிறது, அதாவது நானூறு டன் பாரம் கடலுக்குள் நிற்கும் தூணின் மேல் முன்னும் பின்னும் நடக்கிறது. தொடும் இடமோ மெல்லிய கோடு. அங்கே எஃகு நசுங்கும், விரிசல் விடும்.

1964 புயலில் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின, தூக்குப் பகுதி நின்றது. இதைத் தெய்வச் செயல் என்று சொல்பவர்கள் உண்டு. கர்டர் என்பது பக்கவாட்டில் அலைக்கு முழு மார்பைக் காட்டும் பலகை, தூணின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. தூக்குப் பகுதியோ பலமடங்கு கனம், அலை ஊடுருவிப் போகும் சட்டக அமைப்பு. தெய்வத்தை அழைக்கும் முன் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மூழ்கிய கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்பதற்கு மீனவர்கள் துப்புக் கொடுத்ததும், பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் சரியானதும் தனிக்கதை.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. இதில் இறக்கை நிமிர்வதில்லை. 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே படுத்தவாக்கில் 17 மீட்டர் மேலே போகிறது, லிஃப்ட் போல. எடை 660 டன். முழுதாக உயர்ந்தால் கடல்மட்டத்திலிருந்து 22 மீட்டர் இடைவெளி. பக்கத்துச் சாலைப் பாலத்தின் அடியில் அவ்வளவுதான் இடம், அதற்கு மேல் தூக்கியும் பயனில்லை.

எதிர்எடை இல்லாமல் இதைத் தூக்கக் கணக்குப் போடுவோம். 6,60,000 கிலோ × 9.8 × 17 மீட்டர், ஏறத்தாழ 11 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் முப்பது யூனிட்தான், வீட்டு பில்லில் கூட பெரிதில்லை. ஆனால் தூக்குவதற்கு ஆகும் நேரம் ஐந்தரை நிமிடம். அப்படிப் பார்த்தால் 330 கிலோவாட்டுக்கு மேல், சுமார் 450 குதிரைத்திறன் வேண்டும். எதிர்எடைகள் வடக்கயிறுகளில் தொங்கி, கோபுர உச்சியின் கப்பிகள் வழியாகப் பாலத்தை ஏறக்குறையச் சமன்செய்துவிட்டால், மிச்சமிருப்பது சிறு எடை வேறுபாடும் உராய்வும். இரண்டும் சேர்ந்து 30 டன் என்று வைத்துக்கொண்டாலும் பதினைந்து கிலோவாட்டில் முடிந்துவிடும். முழுச் சமனும் கூடாது. பாலப்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால்தான் இறங்கியதும் தாங்கியில் அழுந்தி உட்காரும், ரயில் ஏறும்போது துள்ளாது.

இவ்வகையின் பலவீனம் இரண்டு முனைகளும் ஒன்றாக ஏற வேண்டும் என்பது. ஒரு கோபுரத்தின் கயிறு சில சென்டிமீட்டர் முந்தினாலும் பாலம் சாய்ந்து, வழிகாட்டித் தடத்தில் கோணலாகிப் பூட்டிக்கொள்ளும், மேசை இழுப்பறையை ஒரு பக்கமாக இழுத்தால் சிக்குவதைப் போல. திறப்பு விழா அன்றே இறக்கும்போது இரு பக்கமும் சமமாக வராமல் நின்றது செய்தியில் வந்தது. கேலி செய்தவர்கள் பலர். இந்த வகைப் பாலத்தில் முதலில் எதிர்பார்க்க வேண்டிய கோளாறே அதுதான்.

காற்றும் உப்பும் தனி எதிரிகள். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் காற்றளவிக் கருவியே சிக்னலைச் சிவப்பாக்கிவிடும். உப்புக்கு அப்படிச் சிவப்பு விளக்கு கிடையாது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றில் ஒரு முகம் நனையும், வடகிழக்கில் மறுமுகம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அதன் காரத்தன்மை ஒரு மெல்லிய படலமாகக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே கசிந்து அந்தப் படலத்தைக் கிழித்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பருமன் கூடியது, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். அதனால்தான் புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும்.

'மயாமிக்கு அடுத்து உலகிலேயே அதிக அரிப்பு இங்கேதான்' என்று எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பதற்குப் பதில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களுக்கு இந்தக் கரையில் ஆண்டுக்கணக்கில் எஃகுத் துண்டுகளை வெயிலிலும் அலையிலும் வைத்து எடைபார்க்கத் தொடர்ந்து பணம் கொடுத்தால் நல்லது. பகட்டில்லாத வேலை, நாடா வெட்ட யாரும் வர மாட்டார்கள், பாலத்தின் ஆயுளைச் சொல்லப்போவது அந்த எடைக்கணக்குதான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒன்று பாக்கி. தனுஷ்கோடிக்கு மீண்டும் 17 கி.மீ. தடம் போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். திட்டப்படி அது கிளம்புவது ராமேஸ்வரத்திலிருந்து. அது வந்தாலும் பாம்பனில் தடம் பிரியப்போவதில்லை.