பெர்மாஃப்ராஸ்ட்: உருகுவதில்லை, இளகுகிறது

சைபீரியா, அலாஸ்கா பற்றிய செய்திகளில் 'நிரந்தரப் பனி உருகுகிறது' என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். இருப்பது மூன்றே சொற்கள், மூன்றிலும் பிசகு. அந்த நிலம் நிரந்தரமாக உறைந்ததில்லை. அது பனியும் இல்லை. அதற்கு நேர்வதை உருகுதல் என்றும் சொல்ல முடியாது. எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லே இந்தக் குறைகளோடுதான் பிறந்தது. நாம் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டோம்.

முதலில் பொருள். மண்ணோ பாறையோ, தொடர்ந்து 2 ஆண்டுகளாவது அதன் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட். வரையறை அவ்வளவுதான். அதற்குள் பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளில் ஈரமே அற்ற மண் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சுழியத்துக்குக் கீழே கிடக்கிறது. கையில் அள்ளினால் மணலாக உதிரும். அதுவும் பெர்மாஃப்ராஸ்ட்தான். இதற்கு நேர்மாறாக, சைபீரியாவில் எடோமா எனப்படும் வண்டல் படிவுகளில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகவே இருக்கும். இரண்டுக்கும் பொதுவானது குளிர்ந்த நிலம் ஒன்றுதான். மேலே வெண்பனி போர்த்தியிருக்கிறதா என்பது இந்த வரையறையில் சேராது. சொல்லப்போனால், கனத்த வெண்பனி கம்பளிபோல் மூடிக்கொண்டு குளிர்காலக் குளிரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் தடுக்கும்.

2 ஆண்டு என்ற கணக்கு எதற்கு? குளிர்காலத்தில் உறைந்து கோடையில் இளகிவிடும் மண் உலகில் ஏராளம். ஒரு கோடையைத் தாண்டியும் உறைந்தே கிடக்கும் நிலத்தை அதிலிருந்து பிரிக்க ஓர் எல்லை வேண்டியிருந்தது. நடைமுறையில் பெரும்பாலான பெர்மாஃப்ராஸ்ட் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையானது. சைபீரியாவின் சில இடங்களில் அது ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழம்வரை போகிறது. அதற்குக் கீழே பூமியின் உள்வெப்பம் அதை மேற்கொண்டு இறங்கவிடுவதில்லை.

இப்போது சொல்லின் கதை. சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிகர் 1828-இல் கிணறு தோண்டத் தொடங்கினார். அவருக்கு வேண்டியது தண்ணீர். ஏறக்குறைய பத்தாண்டுகள் தோண்டி 116 மீட்டர் இறங்கியும் மண் உறைந்தேதான் இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் அறிவியலுக்கு அரிய ஒன்று கிடைத்தது. 1840-களில் அலெக்சாண்டர் மிடென்டார்ஃப் என்ற இயற்கையியலாளர் அந்தக் கிணற்றுச் சுவரில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் பொருத்தி, ஆழம் போகப் போகக் குளிர் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். நிலம் அவ்வளவு ஆழத்துக்கு உறைந்திருக்க முடியும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் நம்ப அந்த அளவீடுகள் தேவைப்பட்டன. தண்ணீருக்காகத் தொடங்கிய வேலை ஓர் ஆய்வுத் துறைக்கே அடித்தளமானது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ரஷ்யர்கள் இதை 'வேச்னயா மெர்ஸ்லதா' என்றார்கள். என்றென்றைக்குமான உறைவு என்று பொருள். மிகயீல் சும்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1927-இல் இதைப் பற்றி முழு நூலே எழுதினார். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் அமெரிக்க ராணுவம் அவசர அவசரமாக அலாஸ்கா நெடுஞ்சாலையைப் போட்டது. மேலே இருந்த பாசியையும் புல்லையும் எந்திரங்கள் வழித்தெறிந்தன. அந்தப் பாசிதான் அடியிலிருந்த உறைந்த மண்ணுக்கு வெயில் படாமல் காத்துவந்த போர்வை. போர்வை போனதும் தரை சேறாகிச் சாலை அமிழ்ந்தது. ரஷ்யர்கள் இதைப் பற்றி எழுதிக் குவித்திருந்தார்கள். அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ரஷ்யாவில் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்துவந்த சைமன் மல்லர் அந்த வேலையைச் செய்தார். 1943-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில்தான் பெர்மாஃப்ராஸ்ட் என்ற சொல் பிறந்தது.

'நிரந்தரமாக உறைந்த நிலம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது நீளம். எனவே பெர்மனென்ட், ஃப்ராஸ்ட் இரண்டையும் சுருக்கி ஒட்டினார். களத்தில் நிற்கும் பொறியாளருக்குக் கைக்கு அடக்கமான சொல்தான். ஆனால் அந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப்போனது நிலம். எதைப் பற்றிய சொல்லோ அதுவே அதில் இல்லை.

இந்தக் குறை அப்போதே சிலர் கண்ணில் பட்டது. கிர்க் பிரையன் என்ற நிலவியலாளர் 1946-இல் ஒரு கட்டுரையில் மாற்றுச் சொற்களை முன்வைத்தார். 'நெடுக' என்னும் பொருள்தரும் பெர், உறைவைக் குறிக்கும் ஜெல், மண்ணைக் குறிக்கும் சோல் என்ற லத்தீன் வேர்களைக் கோத்து 'பெர்ஜெலிசோல்' என்றார். ஆங்கிலம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிரெஞ்சு எடுத்துக்கொண்டது, இன்றும் அங்கே அதுதான் வழக்கு. ஜெர்மானியரும் 'நீடித்த உறைவு மண்' என்று பொருள்படும்படியே சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது சீனச் சொல். 'பல ஆண்டு உறைந்த மண்' என்று நான்கே எழுத்துகள். என்றென்றைக்கும் என்று மிகைப்படுத்தவில்லை, மண்ணையும் விடவில்லை. ரஷ்ய அறிவியலாளர்களும் பிற்காலத்தில் பழைய சொல்லைப் பேச்சுக்கு விட்டுவிட்டு, ஆய்வுகளில் 'பல்லாண்டு உறைந்த பாறைகள்' என்ற பொருளில் எழுதத் தொடங்கினார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். சிலர் எழுதும் 'நிரந்தர உறைபனி' ஏன் பொருந்தாது? நமக்கு உறைபனி என்றால் இரவுக் குளிரில் புல் நுனியில் படிந்து, வெயில் ஏறியதும் காணாமல் போகும் வெண்படலம். மண்ணுக்குள் நூறு மீட்டர் இறங்கிக் கிடப்பதை அந்தப் பெயரால் அழைத்தால் படிப்பவர் மனத்தில் தப்பான படம்தான் எழும். தமிழில் 'பனி' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. இலையில் நிற்கும் துளி, காலையில் கண்ணை மறைக்கும் மூட்டம், வானிலிருந்து பொழியும் வெண்மை, எல்லாம் அதற்குள்தான். அதன் தலையில் நிலத்தையும் ஏற்ற வேண்டாம்.

நமக்கு வேண்டிய வேர் 'உறை'. இதில் ஓர் அழகு இருக்கிறது. உறைதல் என்றால் இறுகித் திடமாதல். உறைதல் என்றால் ஓரிடத்தில் தங்கி வாழ்தலும்தான். 'வானுறையும் தெய்வம்' என்று குறள் சொல்லும் உறை அது, உறைவிடம் என்று நாம் சொல்லும் உறையும் அதுவே. ஆங்கிலச் சொல்லின் முன்பாதியான பெர்மனென்ட், 'தங்கியிரு' என்னும் லத்தீன் வினையடியில் பிறந்தது. பின்பாதியான ஃப்ராஸ்ட், 'உறை' என்னும் ஜெர்மானிய அடியில் பிறந்தது. அங்கே இரண்டு வேர்களை ஒட்டிச் சொன்னதை இங்கே ஒரே சொல் வடிவம் இரண்டு பொருளிலும் தருகிறது.

ஆகவே என் தேர்வு 'நீடுறை நிலம்'. நீடு என்பது நெடுங்காலத்தைச் சொல்லும், என்றென்றைக்கும் என்று வாக்குக் கொடுக்காது. 2 ஆண்டுக்கும் பொருந்தும், 20,000 ஆண்டுக்கும் பொருந்தும். 'உறைநிலம்' என்று மட்டும் சொன்னால் என்ன என்று கேட்கலாம். குளிர்காலத்தில் மட்டும் உறையும் மண்ணும் உறைநிலம்தானே? அது பொதுச்சொல்லாக இருக்கட்டும். அதன் கீழ் பருவ உறைநிலம் ஒரு வகை, நீடுறை நிலம் இன்னொரு வகை.

இனி அந்தச் செய்தி வரியின் மூன்றாவது சொல்லான 'உருகுகிறது' என்பதற்கு வருகிறேன். துறைசார்ந்தவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். பனிக்கட்டி உருகும், நிலம் உருகாது. உருகினால் அது எரிமலைக் குழம்பாகிவிடும். நிலத்துக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகுகிறது. அதனால் மண் தன் இறுக்கத்தை இழந்து தளர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'தா' (thaw) என்ற தனி வினை உண்டு. அப்படியிருந்தும் செய்தி எழுதுபவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நம்மிடம் 'இளகுதல்' காலங்காலமாக இருக்கிறது. இறுகியது நெகிழ்வதற்கு இதைவிடத் துல்லியமான வினையைப் புதிதாக உருவாக்கிவிட முடியாது. ஒவ்வொரு கோடையிலும் நீடுறை நிலத்தின் மேற்பகுதி சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர்வரை இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். வேர் பிடிப்பதும் நீர் ஓடுவதும் அங்கேதான். ஆங்கிலத்தில் 'இயங்கும் அடுக்கு' என்கிறார்கள். தமிழில் 'இளகுபடலம்' போதும், நடப்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இந்தத் துல்லியம் அகராதிக்காக மட்டும் வேண்டியதில்லை. யாகூத்ஸ்க் நகரில் கட்டடங்களைக் கம்பங்கள் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். வீட்டின் சூடு கீழே இறங்கினால் நிலம் இளகிச் சுவர் பிளக்கும். அலாஸ்காவின் 1,290 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயில் பாதிக்கு மேல் தரையைத் தொடாமல் தாங்கிகளின் மேல் போவதும் இதற்காகத்தான். குழாய்க்குள் ஓடும் எண்ணெய் சூடானது. வடபகுதி நீடுறை நிலங்களின் மண்ணில் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் கார்பன் அடங்கியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வளிமண்டலத்தில் இப்போது உள்ளதைப் போல அது சுமார் இரண்டு மடங்கு. மண் இளகும்போது பழைய வேர்களும் இலைகளும் மக்கத் தொடங்கும். நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று கரியமில வாயுவையும் மீத்தேனையும் வெளியிடும். 'பனி உருகுகிறது' என்று எழுதினால் படிப்பவர் தண்ணீரைத்தான் நினைப்பார், கடல் மட்டம் உயரும் என்று நினைப்பார். அந்தக் கவலை பனியாறுகளைப் பற்றியது. இங்கே கவலை மண்ணைப் பற்றியது, அதிலிருந்து கிளம்பும் வாயுவைப் பற்றியது.

எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உறைநிலத்துக்கு நடுவே உறையாமல் கிடக்கும் பகுதியைத் 'தாலிக்' என்கிறார்கள், ரஷ்யச் சொல். நிலத்தடி நீர் உறைந்து மண்ணை மேலே தள்ளி எழுப்பும் கூம்புக் குன்று 'பிங்கோ', இனூயிட் மக்களின் சொல். கனடாவின் துக்டோயாக்டக் ஊரருகே உள்ள இப்யுக் பிங்கோ 49 மீட்டர் உயரம். இவை அந்த நிலத்தோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெர்மாஃப்ராஸ்ட் அப்படிப்பட்டதில்லை, ஓர் அறிக்கையின் வசதிக்காகச் சுருக்கியது. அதனால்தான் அடுத்த முறை அந்தச் செய்தியை எழுதுபவர் 'நீடுறை நிலம் இளகுகிறது' என்று எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.