முதல் வண்டி: கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள்

அக்கா மகனுக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை கிடைத்தது. கையில் இருந்தது 35,000 ரூபாய். புது வண்டிக்கு அது பாதிகூட ஆகாது, டியூ கட்டி வாங்க அக்காவுக்கு மனமில்லை. ஆக, செகண்ட் ஹேண்ட்தான். மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனோம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து வண்டிக்காரர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து, வாசலில் ஓடவிட்டு வைத்திருந்தார். மெக்கானிக் எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கு வேண்டாம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாரோம். அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க."

மருமகனுக்கு ஏமாற்றம். "ஏன் அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான ஓடுது?"

"சூடா இருந்தா எல்லா வண்டியும் நல்லாத்தான்டே ஓடும்."

இந்த ஒரு வரிக்குள் ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது. பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் தேய்ந்துபோன எஞ்சினில்கூட, சூடேறிய பிறகு பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைந்துவிடுகிறது. காலையில் 'கடகட' என்று கேட்ட சத்தம் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சூட்டில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் ஒரே உதையில் ஸ்டார்ட்டும் ஆகும். இரவெல்லாம் நின்ற எஞ்சினுக்கு இந்த உதவி எதுவும் கிடையாது.

மறுநாள் காலை மெக்கானிக் சாவியைப் போடவே இல்லை. கிக்கரை விரித்து, காலை வைத்து, உதைக்காமல் மெல்ல அழுத்தினார். சற்று இறங்கியதும் ஓரிடத்தில் கிக்கர் இறுகி நின்றது. அங்கேயே உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்தபடி நின்றார். மூன்று நொடியில் கிக்கர் 'புஸ்'ஸென்று அமிழ்ந்துவிட்டது. "நிக்கலையே, பாத்தியா?" என்றார்.

நிற்க வேண்டியது காற்று. நம் ஊர்த் தெருக்களில் அதிகம் ஓடுகிற 97.2 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. முதல் ஓட்டத்தில் பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சும். இரண்டாவதில் மேலேறி அதை அழுத்தும். மூன்றாவதில் பிளக் பொறி தட்டி வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். நான்காவதில் புகை வெளியேறும். அழுத்த விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்றால், 109 மி.லி. கலவை 12 மி.லி. இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. காய்ச்சல் மருந்து அளக்கும் மூடியளவு இடம்தான். இந்த நெருக்கத்தில்தான் வண்டியின் மொத்த பலமும் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைத்து நிற்கும் ரிங் தேய்ந்தாலோ, கலவையை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வு சரியாக உட்காராவிட்டாலோ காற்று கசிந்துவிடும், வெடிப்பின் வேகம் குறையும், இழுவையும் மைலேஜும் சேர்ந்தே போகும். கிக்கரில் நீங்கள் உணரும் எதிர்ப்பு அந்தக் காற்றின் எதிர்ப்பேதான். மானி தேவையில்லை, கால் போதும்.

கிக்கர் தேறினால் அடுத்தது புகை. சைலன்சர் வாயைப் பார்க்கும்போது வெயில் எதிரே இருக்கட்டும். நம் பக்கத்தில் 'வெள்ளைப் புகை' என்று சொல்வது வெயிலில் நீலம் பாரித்துத் தெரியும், தொண்டையைக் கமறும். அது எஞ்சின் ஆயில் எரியும் புகை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், இரவில் வால்வு சீல் வழியாகக் கசிந்த ஆயில் எரிகிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது சின்னச் செலவு. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, 'போர்' அடிக்க, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சீராக்க, வேண்டிவரும். ஆயில் சூட்டில் இளகுவதால் இந்தக் கசிவு சூடான பிறகுதான் நன்றாகத் தெரியும். ஆகவே சத்தத்தையும் அழுத்தத்தையும் குளிர்ந்த எஞ்சினில் பாருங்கள், பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து புகையை மறுபடி பாருங்கள். கறுப்புப் புகை அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது கார்புரேட்டர் கோளாறு.

எங்கள் சீமையில் வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: இந்த வண்டி எந்த ஊரில் ஓடியது?

திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு வண்டி என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தச் செம்மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் இரும்பையே அறுக்கும். கிழிந்த ஃபில்டரோடு ஓடிய எஞ்சினுக்குள் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலையைச் செய்திருக்கும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடலோரத்தில் நின்ற வண்டியானால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயை விரலால் தடவுங்கள். உப்புக்காற்றில் மேல்பூச்சு அரித்துச் சொரசொரப்பானால், அது சாலையின் ஒவ்வொரு குழியிலும் ஆயில் சீலைக் கிழிக்கும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் மறுபடி ஒழுகும்.

வெள்ளம் பார்த்த வண்டிதான் எல்லாவற்றிலும் ஆபத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி ஏறி வந்ததில் நெல்லை ஜங்ஷன் முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் முழுகின. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது யாராவது பட்டனை அமுக்கியிருந்தால், ஏறி வந்த பிஸ்டன் பாறையில் மோதியது போலாகும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதற்குப் பிறகும் வண்டி ஓடும், ஆனால் கொஞ்ச நாளில் எஞ்சினைத் தின்றுவிடும். ஆயிலோடு தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய டீயின் நிறம் வரும். விற்கிறவர் ஆயிலை மாற்றியிருப்பார். ஆனால் ஹெட்லைட்டுக்குள்ளும் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையிலும் படிந்த வண்டலை யாரும் கழுவுவதில்லை. நாங்கள் பார்த்த இரண்டாவது வண்டி பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தது. சைடு பேனலைக் கழற்றினால், உள்ளே ஒயர்க் கற்றைமேல் நகக்கனத்துக்கு ஆற்றுமண். மருமகன் அதைச் சுரண்டி விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மற்றவை சீக்கிரம் பார்க்கக்கூடியவை. பின் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின், பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதி தெரிகிறதா, பல்லே அரிவாள் மூக்காக வளைந்திருக்கிறதா, அப்படியானால் செயின் செட் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கோடு தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருட ரப்பர் கெட்டித்துப்போய் மழையில் பிடி விடும். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை நான் நம்ப மாட்டேன். மாற்றாத கிக்கர் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் ஓடிய தூரத்தைச் சரியாகச் சொல்லும்.

மருமகன் ஆசைப்பட்டது 150 சி.சி. வண்டி. அதே காசுக்குப் பழையதாய்க் கிடைத்தது. வேண்டாம் என்றேன். ஆளோடு சேர்ந்து 190 கிலோ வருகிற சின்ன வண்டி, காற்றில்லாத சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகத் தோராயமாக 3 குதிரைத்திறன் போதும். 100 சி.சி. எஞ்சின் 8 வரை தரும். அதிலேயே ஐந்து மிச்சம், வேறு வண்டி எதற்கு?

ஆனால் நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்களுக்கு இதே பதிலை அப்படியே சொல்ல மாட்டேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று. நாகர்கோவில் பக்கம் போகிறவருக்கு அது நேர் எதிர்க்காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-இல் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் உடம்பில் மோதுவது 90 கி.மீ. காற்று, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. மூன்று குதிரைத்திறன் கேட்ட இடத்தில் ஐந்துக்கு மேல் தேவை. பின்னால் ஒரு ஆளும் இருந்தால் 100 சி.சி. திணறும். தினமும் அந்தச் சாலையில் போகிறவர் 125 சி.சி. பார்ப்பதே சரி.

2020 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர்தான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். வாங்கியதும் பெட்ரோல் டியூப்பை மாற்றிவிடுங்கள், மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோல் தேங்க விடாதீர்கள். ஆயிலிலும் கவனம் வேண்டும். இந்த வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. மலிவாகக் கிடைத்ததென்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிளேட் வழுக்கும்.

மூன்றாவது வண்டி பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருடையது. டேங்கில் கீறல், சீட் கிழிசல். காலை ஆறரைக்கு மெக்கானிக் கிக்கரை அழுத்தினார். இறுகி நின்றது. பத்து எண்ணும்வரை அசையவில்லை. "நீ மிதிச்சுப் பாருடே" என்று மருமகனை அழைத்தார். ஆர்.சி. புக்கில் கடன் பாக்கி இல்லை, பதிவுக் காலம் இன்னும் ஏழு வருடம் இருந்தது. 28,000-க்கு முடிந்தது. மீதிக் காசில் செயின் செட், பின் டயர், ஆயில், பெயர் மாற்றம். சீட்டை அடுத்த மாதச் சம்பளத்தில் தைத்துக்கொள்கிறேன் என்றான்.