நாலு சாத்துச் சாத்தினால் வெளியில் வருவது என்ன?

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் மாடு களவு போனாலும் சரி, வயலில் வைத்த நீர்ப்பம்பி காணாமல் போனாலும் சரி, முதலில் வரும் பேச்சு ஒன்றுதான்: "பிடிச்சு நாலு சாத்துச் சாத்தினா எல்லாம் வெளியில வரும் சேர்." முறைப்பாடு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களே இதைச் சொல்கிறார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் முகாம்களில் அடி வாங்கியவர்கள். இயக்கங்களின் தடுப்பிடங்களில் வாங்கியவர்களும் உண்டு. அதை இங்கே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்பார்கள். எங்கோ குண்டு வைத்திருக்கிறான், ஒரு மணித்தியாலத்தில் வெடிக்கும், அடிக்காமல் விடுவதா? நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் பிடிபட்டவன்தான் ஆள், அவனுக்கு இடம் தெரியும், அடித்தால் உண்மையைச் சொல்வான் என்ற மூன்றையும் அந்தக் கேள்வி முதலிலேயே தீர்த்து வைத்துவிடுகிறது. வழக்குகளில் தெரியாமல் இருப்பதே அந்த மூன்றும்தான். வலி தாங்காதவன், கேட்பவருக்கு எது வேண்டுமோ அதைச் சொல்வான். அல் கைதாத் தொடர்பில் பிடிபட்ட இப்னு அல் ஷேக் அல் லிபி, எகிப்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தபோது, அந்த அமைப்புக்கு ஈராக் இரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். 2003 பெப்ரவரியில் அப்போதைய அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அதையும் எடுத்து வைத்தார். அடுத்த மாதம் ஈராக் மீது போர். 2004 இல் அல் லிபி, சித்திரவதை தாங்காமல் சொன்ன பொய் அது என்று மறுத்தார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இலங்கையில் சாதாரண வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவர் பதிந்தால் அது சாட்சியம். வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். அடைத்த அறையில் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்? 1993 இல் கைதான, தமிழ் மட்டுமே தெரிந்த ஓர் இளைஞரிடம் சிங்களத்தில் தட்டச்சுச் செய்த வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். தண்டனை 50 வருடம். மேன்முறையீட்டில் 35 ஆனது. அது நியாயமான விசாரணை அல்ல என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது.

சரி, பிடிபட்டவன் உண்மையான குற்றவாளியே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் கூடாது என்பதுதான். கை கட்டப்பட்டு நிற்பவனால் அப்போதைக்கு யாருக்கும் ஆபத்தில்லை. தண்டனையை முடிவு செய்ய நீதிமன்றம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: அடித்து வாங்கிய வாக்குமூலம், அதைச் சுயமாகக் கொடுத்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணையில் தள்ளப்பட்டால், வேறு ஆதாரம் தேடாத வழக்கு அதோடு படுத்துவிடும். பறிகொடுத்த குடும்பத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. அவசரகாலத்திலும் அதைக் கட்டுப்படுத்த முடியாது. சித்திரவதைக்கு எதிரான 1994 இன் 22ஆம் இலக்கச் சட்டத்தில் தண்டனை 7 முதல் 10 வருடச் சிறை. போர் நடந்தது, மேலதிகாரி சொன்னார் என்பவை எதிர்வாதமாகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் அடி வாங்கிய பிள்ளையின் தாய், "சொன்னா பிணை தரமாட்டினம், பேசாம இரு தம்பி" என்று அவனை அடக்குவதையே அதிகம் பார்க்கிறேன். அம்மா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கண்டல் சில நாட்களில் மங்கிவிடும். முதல் தவணையிலேயே நீதவானிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேட்க வேண்டும். பரிசோதனையின்போது பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றால், அவரை வெளியே அனுப்பும்படி வைத்தியரிடம் கேட்கலாம். எங்கே, எதனால், எப்போது அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வவுனியாவிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.