காரணி தெரியாமலே பொதுக் காரணி

2021, 1927. இந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்ன? பள்ளிப் பழக்கத்தில் 2, 3, 5, 7 என்று வகுத்துப் பார்ப்போம். எதிலும் வகுபடாது. 37 வரை போனாலும் அதே கதைதான். அதற்குள் பாதிப் பேர் '1' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். நானும்தான்.

விடை 1 இல்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 94. 1927-ஐ 94-ஆல் வகுத்தால் 20 தடவை போக மீதி 47. 94-ஐ 47-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. கடைசியாக வகுத்த அந்த 47தான் விடை. மூன்றே வரி.

இது எப்படிச் சரியாகிறது? 2021 செ.மீ., 1927 செ.மீ. நீளத்தில் இரண்டு கயிறுகள் இருக்கின்றன. ஒரே குச்சியால் இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்க முடிகிறது. கயிறுகளை ஒரு முனை சேர்த்துப் பக்கத்தில் பக்கமாக நீட்டிப் போட்டால் துருத்தி நிற்கும் 94 செ.மீ. துண்டையும் அதே குச்சி அளந்தாக வேண்டும். முழுக் குச்சிகளிலிருந்து முழுக் குச்சிகளைக் கழித்தால் அரைக் குச்சி எங்கிருந்து வரும்? அதேபோல, 94-ஐயும் 1927-ஐயும் அளக்கும் குச்சி, அவற்றைக் கூட்டினால் வரும் 2021-ஐயும் அளந்துவிடும். ஆகவே பெரிய ஜோடியை விட்டுவிட்டுச் சிறிய ஜோடியை வைத்துக்கொண்டாலும் விடை மாறாது. வகுத்தல் இங்கே திரும்பத் திரும்பக் கழிப்பதற்கான குறுக்குவழி, அவ்வளவுதான்.

சுமார் கி.மு. 300-இல் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் இதை எழுதி வைத்தார். அவரும் எண்களைக் கோடுகளின் நீளமாகத்தான் பார்த்தார். எத்தனை வரி போகும் என்பதற்கு 1844-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் காப்ரியேல் லாமே வரம்பு கட்டினார்: சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ, அதைப்போல் 5 மடங்கைத் தாண்டாது. முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதும் 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற ஃபிபொனாச்சி வரிசையில், 13, 21 போன்ற அடுத்தடுத்த எண்கள்தான் ரொம்பப் படுத்தும். கடைசி வரி தவிர எல்லாவற்றிலும் ஈவு வெறும் 1.

300 இலக்க எண்கள் என்றாலும் அதிகபட்சம் 1500 வரி. கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒரே எண்ணைக் கொடுத்து, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலான அதைப் பிரித்துத் தா என்றால் கணினி திணறிவிடும். அந்தத் திணறலை நம்பித்தான் ஆர்.எஸ்.ஏ. என்ற இணையப் பூட்டு நிற்கிறது. பெருக்கி வந்த எண் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; அதன் இரண்டு பகா எண்கள்தான் ரகசியம்.

2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் பொதுவில் கிடக்கும் லட்சக்கணக்கான ஆர்.எஸ்.ஏ. எண்களைத் திரட்டி, அவற்றுக்குள் பொதுக் காரணி தேடினார்கள். நம் 2021 = 43 × 47, 1927 = 41 × 47 மாதிரியே, ஒரு பகா எண்ணைப் பகிர்ந்துகொண்ட ஜோடிகள் ஆயிரக்கணக்கில் சிக்கின. 47 கிடைத்த மறுகணமே 43-உம் 41-உம் வெளியே வந்துவிடும். இரண்டு பூட்டும் காலி. பெரும்பாலும் மாட்டியவை ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகள். ஆன் செய்த கையோடு, யாரும் ஊகிக்க முடியாத தற்செயல் எண் உருவாக்கப் போதிய சரக்கு சேருமுன்பே அவை பகா எண்களைத் தேர்ந்து சாவி தயாரித்துவிட்டன. அதனால் வேறு வேறு வீட்டுக் கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தன.