13,099 கொலையாளிகள்: ஓர் எண்ணை எப்படிப் படிப்பது

2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையான ஐசிஇ, டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் டோனி கோன்சாலஸ் கேட்ட விவரங்களுக்குக் கடிதத்தில் பதில் அனுப்பியது. அந்த ஆண்டு ஜூலை 21 நிலவரப்படி, தண்டனை பெற்ற 4,25,431 வெளிநாட்டவர் ‘ஐசிஇ தடுப்புக்காவலில் இல்லாதோர்’ பட்டியலில் இருந்தனர். அவர்களில் 13,099 பேர் கொலைக்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்கள். கடிதம் வெளியானதும், பைடன் – ஹாரிஸ் ஆட்சியில் எல்லை தாண்டி வந்த 13,000 கொலையாளிகள் ஊருக்குள் சுதந்திரமாகத் திரிகிறார்கள் என்று டிரம்ப் மேடைகளில் பேசினார்.

எண் பொய்யில்லை. அதற்குச் சொல்லப்பட்ட பொருள்தான் பொய். ஆவணமற்ற (சட்டப்படித் தங்க அனுமதி இல்லாத) குடியேறிகளையும் குற்றத்தையும் பற்றிய அரசியல் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. அதனால் இந்த ஓர் எண்ணைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் காலம். அந்தப் பட்டியல் ஓர் ஆட்சியின் கணக்கு அல்ல, கடந்த 40 ஆண்டுகளிலும் அதற்கு முன்பும் நாட்டுக்குள் வந்தவர்களின் சேமிப்பு. 2016 ஆகஸ்டிலேயே அதில் 3,68,000க்கும் மேற்பட்ட தண்டனைக் கைதிகளும் முன்னாள் கைதிகளும் இருந்தனர். அடுத்து, ‘காவலில் இல்லாதோர்’ என்ற தலைப்பு. ஐசிஇயின் சொந்தக் காவலில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். மாநிலச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஒருவரும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இந்த விளக்கத்தை அப்போதே வெளியிட்டது. மூன்றாவதாக, ‘வெளிநாட்டவர்’ என்றால் திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர் என்று ஆகிவிடாது. கிரீன் கார்டு வாங்கிப் பல ஆண்டு வாழ்ந்து, பிறகு குற்றத்தால் அந்த உரிமையை இழந்தவரும் இதில் உண்டு.

தண்டனை முடிந்தும் சிலர் வெளியே இருப்பது உண்மை. அதற்கும் காரணம் இருக்கிறது. நாடு கடத்த உத்தரவு பிறந்த பின் ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது என்று 2001இல் ஜாட்விடாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுவான வரம்பு ஆறு மாதம். சொந்த நாடு அவரை ஏற்க மறுத்தால், அதற்குப் பின் பெரும்பாலும் கண்காணிப்பின் கீழ் விடுவிக்க வேண்டியிருக்கும். கியூபா பல காலம் அப்படி மறுத்து வந்த நாடு. இது வெளியுறவுச் சிக்கல். எல்லையில் சுவர் எழுப்பினாலும் தீராது.

சரி, ஆவணமற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்கிறார்களா? இதற்கு விடை சொல்லக்கூடிய தரவு அமெரிக்காவில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. எஃப்பிஐயின் நாடளாவிய குற்றப் பதிவில் கைதானவரின் வயது, பாலினம், இனம் எல்லாம் உண்டு, குடியேற்ற நிலை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டு ஆய்வு குடியுரிமை உண்டா என்று கேட்கும், விசா இருக்கிறதா என்று கேட்காது. ஆகவே ‘நாடு முழுவதும் ஆவணமற்றவர் செய்த குற்றங்கள் இத்தனை’ என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று உடனே கேட்க வேண்டும்.

டெக்சாஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே கைதாகும் ஒவ்வொருவரின் கைரேகையும் எஃப்பிஐக்கும், அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. அந்தத் துறையின் பதிவில் கைரேகை ஒத்துப்போனால் அவரது குடியேற்ற நிலை திரும்பி வரும். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை அதைக் கைது, தண்டனை விவரங்களோடு இணைத்து வைக்கிறது. மைக்கேல் லைட் தலைமையிலான ஆய்வாளர்கள் 2012 முதல் 2018 வரையிலான இந்தத் தரவை எடுத்து, 2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் முடிவை வெளியிட்டனர். வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம் அமெரிக்காவில் பிறந்த குடிமக்களிடம் ஆவணமற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். போதைப்பொருள் குற்றங்களில் இரண்டரை மடங்கு, சொத்துக் குற்றங்களில் நான்கு மடங்குக்கும் மேல்.

இந்தத் தரவிலும் ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லையில் ஒருமுறையும் பிடிபடாமல் நுழைந்தவரின் கைரேகை மத்தியப் பதிவில் இருக்காது. அவர் கைதானால் ‘ஆவணமற்றவர்’ என்று தெரியாமலே போகலாம். சிலர் சிறைக்குப் போன பிறகுதான் அடையாளம் காணப்படுகிறார்கள். குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதிடும் குடியேற்ற ஆய்வு மையம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. கேள்வி நியாயமானது. ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். இரு மடங்கு இடைவெளி மறைய வேண்டுமானால், வன்முறைக்காகக் கைதான ஆவணமற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பதிவிலிருந்து தப்பியிருக்க வேண்டும். சொத்துக் குற்றத்தில் நான்கில் மூன்று பேர் தப்பியிருக்க வேண்டும். லைட் குழு கைதுக்குப் பதில் தண்டனையை வைத்தும், ஆவணமற்றோர் தொகைக்கு வேறு மதிப்பீடுகளை வைத்தும் கணக்கைத் திரும்பப் போட்டது. முடிவின் திசை மாறவில்லை.

மறுதரப்பிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 1870 முதல் 2020 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளை ஆராய்ந்த ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான் குழு, குடியேறியவர்கள் சிறையில் இருக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் பிறந்தவர்களைவிட இன்று 60% குறைவு என்று கண்டது. அது எல்லாக் குடியேறிகளுக்கும் சேர்ந்த எண். மருத்துவர், பொறியாளர், எச்1பி வேலை விசாவில் வந்த நம் குடும்பங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதை எடுத்து ‘ஆவணமற்றவர்கள் 60% குறைவாகக் குற்றம் செய்கிறார்கள்’ என்று எழுதுவதும் திரிபுதான். நல்ல நோக்கம் இருந்தாலும் திரிபு திரிபே.

மத்தியச் சிறைக் கணக்கைக் காட்டி ஏமாற்றுவது இன்னொரு வகை. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடியுரிமை இல்லாதவர்கள். கேட்டதும் பதறத் தோன்றும். ஆனால் கொலை, வல்லுறவு, கொள்ளை ஆகியவற்றைப் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. நாட்டின் சிறைவாசிகளில் மத்தியச் சிறையில் இருப்போர் எட்டில் ஒரு பங்குதான். குடியுரிமை இல்லாதவர்கள் தண்டனை பெற்ற மத்திய வழக்குகளிலும் பெரும்பகுதி, நாடு கடத்தப்பட்டவர் மீண்டும் நுழைந்தது போன்ற குடியேற்றக் குற்றங்கள். குடிமகன் அந்தக் குற்றத்தைச் செய்யவே முடியாது.

‘சட்டவிரோதமாக வந்ததே குற்றம், எனவே எல்லோரும் குற்றவாளிகள்’ என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அனுமதியின்றி எல்லை தாண்டுவது முதல்முறை என்றால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறைக்குரிய சிறு குற்றம். விசா காலம் முடிந்தும் தங்கிவிடுவது குற்றவியல் குற்றமே அல்ல, உரிமையியல் மீறல். நாடு கடத்தலாம், அதற்காக மட்டும் குற்ற வழக்குப் போட முடியாது. வெளியேற்றப்படத் தக்க ஒருவர் நாட்டில் தொடர்ந்து தங்கியிருப்பது பொதுவாகக் குற்றமாகாது என்று 2012இல் அரிசோனா வழக்கில் உச்ச நீதிமன்றமே எழுதியது. ஆவணமற்றோரில் கணிசமானவர்கள் விமானத்தில் முறையான விசாவோடு வந்து தங்கிவிட்டவர்கள்.

இனி உங்கள் வாட்ஸாப்புக்கு இப்படி ஓர் எண் வந்தால் முதலில் அது எத்தனை பேரில் இத்தனை என்று பாருங்கள். லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதம் இல்லாத வெறும் எண்ணிக்கையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. பிறகு அது கைதா, குற்றச்சாட்டா, தண்டனையா என்று பிரியுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மாநிலக் கணக்கா மத்தியக் கணக்கா, குடியேற்றக் குற்றங்களைச் சேர்த்தா விட்டா என்பதும் தெரிய வேண்டும். யாரைக் குறிக்கிறது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 2024இல் ஓஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நாய், பூனைகளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று ஆதாரமில்லாமல் பழி சுமத்தப்பட்ட ஹைட்டி மக்களில் பெரும்பாலோர் சட்டப்படித் தங்கியிருந்தவர்கள்.

கொலை நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில், ஓடப் போன 22 வயது நர்சிங் மாணவி ஒருவரை, 2022இல் எல்லை தாண்டி வந்த வெனிசுவேலா ஆள் கொன்றார். அந்தக் குடும்பத்தின் முன்னால் விகிதக் கணக்கை நீட்டுவது மனிதத்தன்மை ஆகாது. ஆனால் ஒரு கொலையை வைத்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கான சட்டத்தை எழுதும்போது விகிதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கைரேகைப் பகிர்வை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுவந்த ‘செக்யூர் கம்யூனிட்டீஸ்’ திட்டம் 2008இல் தொடங்கியது. தாமஸ் மைல்ஸ், ஆடம் காக்ஸ் இருவரும் 2014இல் அதை ஆராய்ந்தபோது, குற்ற விகிதம் அதனால் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. போலீஸிடம் போனால் நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயத்தின் விலையோ கண்ணுக்குத் தெரிந்தது. 2017இன் முதல் மூன்று மாதங்களில் ஹூஸ்டனில் வல்லுறவுப் புகார் கொடுக்க வந்த லத்தீன் மக்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 40%க்கு மேல் சரிந்ததாக அந்நகரக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார்.

அந்த மாணவியின் பெயரால் 2025 ஜனவரி 29இல் கையெழுத்தான சட்டம், கடைத் திருட்டு போன்ற குற்றங்களுக்குக் கைதானாலே, தண்டனை இல்லாமலே, ஆவணமற்றவரைக் கட்டாயமாகத் தடுப்புக்காவலில் வைக்கச் சொல்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ஐசிஇ காவலில் இருந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எந்தக் குற்றத் தண்டனையும் பெறாதவர்கள். ஆகவே 2025க்குப் பிந்தைய தடுப்புக்காவல் எண்களை முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். ‘தண்டனை பெற்றவர்’, ‘வழக்கு நிலுவையில் உள்ளவர்’, ‘குடியேற்ற மீறல் மட்டும்’ என்று ஐசிஇ மூன்றாகப் பிரித்து வெளியிடுகிறது. செய்தியில் மொத்தம் மட்டும் வந்தால் அந்தப் பிரிவுகளைத் தேடிப் பாருங்கள்.